கடலில் போட்ட சோறு

3 செப்டம்பர் 2024, செவ்வாய். காலை பதினொரு மணி வரை மூட்டம். இன்று ஒரு தவறு செய்தேன். நாற்றுமேடையில் மூன்றாம் பாத்திக்கு இரண்டு தடவை தண்ணீர் விட்டேன். நான்காம் பாத்திக்கு விடவே இல்லை. சாயங்காலம் இலை துவண்டு கிடந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் சொல்லாமல் நானே ஊற்றிவிட்டு வந்தேன். சொல்லாமல் விட்டதையும் ஒரு தவறாக எழுத வேண்டுமா என்று தெரியவில்லை.

இவ்வளவையும் எழுதிய பிறகு ரூபினி ஒருமுறை படித்துப் பார்த்தாள். 'துவண்டு' என்பது சரியான சொல்தானா என்ற சந்தேகம் வந்தது. அடித்துவிட்டு 'வாடி' என்று எழுதினாள். அதையும் அடித்து மறுபடி 'துவண்டு' என்றே எழுதினாள்.

செவ்வாயும் வியாழனும் தானா ராத்தா டவுனில் மாலை வகுப்பு. மலாயில் அலுவலகக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள். தினமும் தேதி போட்டு நாலு வரி எழுதுங்கள், எந்த மொழியானாலும் பரவாயில்லை, பொய் மட்டும் எழுதாதீர்கள் என்று தனுஜா டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். பதினோரு பேர் படிக்கிற வகுப்பில் அதை அப்படியே எடுத்துக்கொண்டவள் ரூபினி ஒருத்திதான். அவளுக்கு இருபத்து மூன்று வயது. பகலெல்லாம் நாற்றுமேடையில் ஓர் இலையும் ஒரு கணுவுமாகத் தேயிலைக் கொம்பைச் சாய்வாக நறுக்கி, மண் நிரப்பிய கறுப்புப் பைகளில் ஊன்றுவாள். எந்தப் பை என்றைக்கு ஊன்றியது என்று கேட்டால் பார்க்காமல் சொல்வாள். ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியில் தண்ணீர்க் குழாயை மூடினோமா என்று பாதி தூரம் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள்.

டைரி எழுதிய அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள் அமாவாசை. அம்மா ருக்குமணி பூசணிக்காய்ச் சாம்பார் வைத்து, வடை சுட்டு, இறந்துபோன புருஷன் சின்னையாவுக்குப் படைத்தாள். லயத்து வரிசைவீட்டின் தகரக் கூரையில் ஒரு கைப்பிடி சோறு வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டாள். காக்கை வந்து தின்றது. ஆனால் மகன் லிங்கேஸ்வரன் சாப்பிட வரவில்லை. பசியில்லை என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கால் வலி என்று அம்மா நினைத்தாள். ரூபினியும் அப்படித்தான் நினைத்தாள்.

லிங்கேஸ்வரனுக்கு இருபத்தேழு. நாலு வருடம் இந்தத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷின் தூக்கினான். ஒரு பக்கம் இவன், இன்னொரு பக்கம் ஒரு வங்காளதேசி, நடுவில் மெஷின். இரண்டு பேரும் செடிக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு சரிவில் பக்கவாட்டாக நடக்க வேண்டும். ஒருவன் கால் வழுக்கினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. குளிரும் புகையும் போதும் என்று போன வருடத் தொடக்கத்தில் கிழக்குக் கரைத் தீவு ஒன்றில் தங்கும் விடுதிக்கு வேலைக்குப் போனான். அங்கே போய்த்தான் நீச்சலே பழகினான். படகு ஓட்டினான். வெயிலில் கறுத்து, தோள் விரிந்து, ஆளே மாறிப்போனான்.

இந்த ஜூலையில் அவனைச் சுறா கடித்தது. விடுதியின் மரப் பாலத்தடியில் தினமும் ஐந்து மணிக்கு மீன்தலை போட்டுச் சுறாக்களை வரவழைத்துக் காட்டுவார்கள். முழங்கால் தண்ணீரில் ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தூக்கி வெளியே போடப் போனவனின் இடது கெண்டைக்காலைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிட்டது. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. அதைப் பெற்றவர்கள் மறுநாள் முதல் படகிலேயே கிளம்பிவிட்டார்கள். அவர்கள் பெயரைக்கூட யாரும் கேட்டு வைக்கவில்லை.

ஊர் முழுக்க இது தெரியும். ஆனால் விடுதிக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தில் வேறு மாதிரி இருந்தது. படகு கட்டும்போது வழுக்கிப் பவளப்பாறையில் விழுந்து கால் கிழிந்தது என்று இருந்தது. அதை எழுதியவள் ரூபினி. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அண்ணன் போன் செய்தான். "பாப்பா, சுறாதான். ஆனா கரங், பவளப்பாறைன்னு எழுது. மேனேஜர் அப்படி எழுதினா என்னைய ஆபிசுலயே வச்சுக்கிறேன்னு சொல்றாரு. கவுண்டர்ல ஒக்காந்து பாக்குற வேல. நீதான் மலாய் நல்லா எழுதுவியே." ரூபினி மூன்று தடவை எழுதிப் பார்த்து, நாலாவது தடவை நல்ல தாளில் எழுதி அனுப்பினாள். அந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. அன்றைக்கு அவள் டைரியில் எதுவும் எழுதவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் சிவசாமியும் செல்லம்மாவும் லிங்காவைப் பார்க்க வந்தார்கள். சிவசாமி ஒருகாலத்தில் தோட்டத்து லோரி ஓட்டியவர். செல்லம்மா நாலு வீடு தள்ளி இருப்பவள், வாய்க்குப் பேர்போனவள். வெளியே தூறல். ருக்குமணி அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தாள். இடுப்பில் கட்டின பிளாஸ்டிக் துணியைக்கூட அவிழ்க்காமல் பாலில்லாத தே ஓ கலக்கினாள். கொழுந்து வெட்டும் கத்தரி பிடித்துப் பிடித்து அவளுடைய வலது கட்டைவிரல் பகலெல்லாம் மடங்கியே இருக்கும். சுடுகோப்பையைப் பிடித்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாக விரியும்.

"என்னலா லிங்கா, காலு எப்படி?" என்றார் சிவசாமி.

"இருக்கு மாமா."

"கடல்ல முப்பது வருசமா மீன் புடிக்கிறவன ஒண்ணும் பண்ணல. மலையிலேர்ந்து போன ஒன்னத்தான் தேடி வந்து கடிச்சிருக்கு பாரு."

"தேயில வாசம் அடிச்சிருக்கும்லா," என்றாள் செல்லம்மா. "டீ குடிக்கலாம்னு வந்திருக்கும். எம்மாம் பெருசுடா அது?"

லிங்கா கைகளை விரித்துக் காட்டினான். ஐந்தடி இருக்கும். துடுப்பு நுனி மட்டும் கறுப்பாக இருக்கும் என்றான்.

"இம்புட்டுத்தானா? நான் என்னமோ லோரி மாதிரி இருக்கும்னு நெனச்சேன். பாசார்ல இந்தச் சைசு வாங்கி எத்தன தடவ புட்டு ஆக்கியிருக்கேன். ரூபினி பொறந்தப்ப ஒங்கம்மாவுக்குப் பால் ஊறணும்னு நான்தான்டா பூண்டு தட்டிப்போட்டு ஆக்கிக் குடுத்தேன்."

"அப்ப அதோட பேரன்தான் வந்து கணக்குத் தீத்திருக்கு," என்றார் சிவசாமி. "தின்னது தங்கச்சி, மாட்டினது அண்ணன்."

எல்லோரும் சிரித்தார்கள். லிங்காவும் சிரித்தான். சிரிக்கும்போது நாற்காலிமேல் நீட்டியிருந்த கால் அசைந்து, பாதம் ஈரத்துணி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதைத் தூக்கி நேராக வைக்க அவனால் முடியாது. கையால் எடுத்து வைத்தான். சிரிப்பு நின்றுபோயிற்று.

"ஏன்லா, நம்ம தோட்டத்துல பன்னிக்கு வேலி போடுறாப்புல கடல்ல போட முடியாதா?" என்று கேட்டாள் செல்லம்மா.

ரூபினி இந்த இரண்டு மாதமும் போனில் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். "போடுற ஊரு இருக்கு பெரியம்மா. வல கட்டுறாங்க. ஆனா அதுல ஆமையும் மத்த மீனும் மாட்டிச் செத்துப்போவுதாம். ஹெலிகாப்டர்ல பறந்து, சுறா வருதான்னு பாத்துச் சொல்ற ஊரும் இருக்கு. நம்ம பக்கம் அதெல்லாம் தேவையே இல்ல. இங்க அது சும்மா ஆளக் கடிக்காது. தீனி போட்டுப் பழக்காம இருந்தாப் போதும். மீன் கழுவுற தண்ணிய ஆளு குளிக்கிற எடத்துல ஊத்தாம இருக்கணும். அப்பறம்..."

"போதும்லா. படிச்சத ஒப்பிக்காத," என்றான் லிங்கா.

"அவ சரியாத்தான சொல்றா," என்றாள் செல்லம்மா. "கோசு எலையும் கெழங்குத் தோலும் பொறத்தால கொட்டிக்கிட்டு இருந்தேன் பாரு நானு. பன்னி வந்துச்சு. குட்டியோட வந்துச்சு. லயத்துப் புள்ளைங்கள எல்லாம் கூப்புட்டு வேடிக்க காட்டுனேன். ஒரு நா கொட்டுறதுக்கு நேரமாயிருச்சு, வந்து தொடையக் கிழிச்சிட்டுப் போயிருச்சு. பதினாலு தையலு. பன்னிய என்னா சொல்றது? நாந்தான வெத்தல பாக்கு வச்சு அழச்சேன்."

லிங்கா டோங்கட் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தான். உள்ளே போய்விட்டான். "வலி போலருக்கு," என்றார் சிவசாமி. ருக்குமணி கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் விடுதி மேனேஜர் லிங்காவைப் போனில் கூப்பிட்டார். நாற்றுமேடையில் நிழல்வலை கிழிந்து கிடந்ததால் ரூபினி ஊசியும் நூலும் எடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணன் ஒலியைக் கூட்டி வைத்துத்தான் பேசுவான். அவர் மலாயில் கனிவாகப் பேசினார். கால் எப்படி, அம்மா எப்படி என்று எல்லாம் விசாரித்தார். பிறகு சொன்னார். பதினான்காம் தேதி பள்ளி விடுமுறை ஆரம்பம். ஐந்து மணிச் சுறாக் காட்சிக்கு நிறையப் பேர் வருகிறார்கள். யாரோ ஒருவன் முகநூலில், அங்கே ஓர் ஆளைச் சுறா கடித்ததாமே என்று எழுதிவிட்டான். நீயே ஒரு சின்ன வீடியோ பேசி அனுப்பு, மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று. ஈப்போ, கிள்ளான் பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன. அடுத்த மாதம் நீ கவுண்டருக்கு வந்துவிடு. நாற்காலி எல்லாம் வாங்கியாகிவிட்டது.

"தீனி போடுற எடத்த மாத்தியாச்சா பாஸ்?" என்று லிங்கா கேட்டான்.

மாற்றியாகிவிட்டது, பத்து மீட்டர் தள்ளி, என்றார் அவர்.

மறுநாள் விநாயகர் சதுர்த்தி. காலையிலேயே ருக்குமணி கொழுக்கட்டை அவித்துவிட்டு, சனிக்கிழமை ஓவர்டைம் என்று மலைக்குப் போய்விட்டாள். லிங்கா முகம் வழித்து, விடுதியின் நீல டீ சட்டையைப் போட்டுக்கொண்டான். கீழே லுங்கி. கட்டுப் போட்ட கால் தெரியக் கூடாது என்று நாற்காலியை மேசைக்குப் பின்னால் இழுத்துப் போட்டான்.

"போனப் புடி பாப்பா. மூஞ்சி மட்டும் தெரியணும்."

"அண்ணே, இது வேணுமாண்ணே?"

"புடின்னா புடி."

பிடித்தாள். மலாயில் முதல் தடவை பேசும்போது அவன் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னான். ரூபினி பழக்கத்தில் திருத்தினாள். திருத்திய பிறகுதான் தான் செய்தது உறைத்தது. இரண்டாவது தடவை அவன் அதைச் சரியாகவே சொன்னான். பிறகு தமிழில் பேசினான்.

"வணக்கம். நான் லிங்கேஸ்வரன். இந்தத் தீவுல ஒன்றரை வருசம் வேல செஞ்சேன். என் காலு பவளப்பாறையில பட்டு அடிபட்டுச்சு. வேற ஒண்ணும் இல்ல. சும்மா வதந்திய நம்பாதீங்க. புள்ளைங்களோட வாங்க, சந்தோஷமா பாத்துட்டுப் போங்க."

'புள்ளைங்களோட' என்ற இடத்தில் மட்டும் அவன் கண் போனை விட்டு விலகியது. அவனே பார்த்துவிட்டு, "இது போதும், நல்லாருக்கு," என்று அனுப்பினான். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். அவள் தட்டில் வைத்துக் கொடுத்த கொழுக்கட்டையை ஒன்றுவிடாமல் தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை விடுதியின் முகநூல் பக்கத்தில் அந்த வீடியோ வந்திருந்தது. ரூபினி கீழே இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஈப்போவில் இருக்கும் ஒரு பெண் தமிழில் எழுதியிருந்தாள்: 'நன்றி அண்ணா. பயந்துகிட்டு இருந்தோம். பதினஞ்சாம் தேதி ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போறோம்.' பக்கத்தில் இரண்டு மீன் படம் போட்டிருந்தாள்.

'தயவுசெய்து பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். கடித்தது சுறாதான்' என்று ரூபினி அதற்குக் கீழே எழுதினாள். அரை மணி நேரத்தில் அது காணாமல் போயிற்று. மறுபடி எழுதினாள். அதுவும் போயிற்று. அப்புறம் அவளால் எழுதவே முடியவில்லை, விடுதிக்காரர்கள் அங்கே அவளுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கே தனியாக எழுதினாள். பதில் வந்தது.

'நீங்க யாரு?'

'அவரோட தங்கச்சி.'

'அவரே இல்லைன்னு சொல்றாரு. அண்ணன் வேலைய இப்படிக் கெடுக்கலாமாம்மா? வீட்டுச் சண்டைய வெளிய கொண்டு வராதீங்க.'

அதற்கு என்ன எழுதுவது என்று ரூபினி கால் மணி நேரம் யோசித்தாள். எழுதி முடித்தபோது அங்கேயும் வழி அடைபட்டிருந்தது.

வெளியே மழை வலுத்திருந்தது. அடுப்படி வாசலில் ருக்குமணி நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். தலையைக் கிள்ளி ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். லிங்கா எதிரே கால் நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்தான். உட்கார்ந்தபடி செய்கிற வேலை எதுவென்றாலும் இப்போது அவன் வாங்கிச் செய்கிறான்.

ரூபினி நின்றபடியே சொன்னாள். "அண்ணே, நான் நாளைக்குத் தானா ராத்தா போய்ப் போலீஸ் ரிப்போட் போடப் போறேன். அதோட நகல மீன்வள ஆபிசுக்கும் அனுப்பப் போறேன்."

லிங்கா வெங்காயத்தைக் கீழே வைத்தான். "என்னான்னு?"

"கடிச்சது சுறான்னு. இன்னும் தீனி போடுறாங்கன்னு."

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"பாக்காதவ என்னா ரிப்போட் போடுவ? கடி வாங்குனவன் நான். நான் இல்லங்குறேன். முடிஞ்சுச்சு."

"நான் பாத்தது வேற ஒண்ணு இருக்குண்ணே. ஜூலையில அந்தக் கடிதாசி எழுதுனது என் கை. பொய்யின்னு தெரிஞ்சு எழுதுனேன். அத நான் சொல்லலாம்ல. அதுக்கு ஒன் கையெழுத்து வேணாம்."

ருக்குமணி தலை நிமிரவில்லை. விரல் மட்டும் வேகமாகக் கிள்ளிக்கொண்டிருந்தது.

"கெட்டிக்காரிலா நீ," என்றான் லிங்கா. குரல் தாழ்ந்திருந்தது. "யாரக் காப்பாத்தப் போற? மொகம் தெரியாத புள்ளைங்கள. ஒன் அண்ணன் மொகம் தெரியுதுல்ல? இந்த மலையில இந்தக் காலுக்கு என்னா வேல இருக்கு, சொல்லு. மெஷின் தூக்க முடியுமா? மருந்து அடிக்க முடியுமா? கியா பார்ம்ல ஸ்ட்ராபெரி கடையில போயி நின்னேன். பொட்டியில அடுக்குற வேலதான், ஒக்காந்தே செய்வேன்னேன். அவன் காலப் பாத்துட்டு, அப்பறம் பாக்கலாம் தம்பின்னுட்டான். திரிங்காப்ல பூ கட்டுற எடத்துலயும் அதே பதிலு. எனக்குன்னு ஒலகத்துல ஒரு நாக்காலிதான் இருக்கு. அது அந்தத் தீவுல இருக்கு."

"தெரியும்ணே."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. மொதல்ல யாரு தீனி போட்டான்னு கேப்பாங்க. கேட்டா என்னா சொல்லுவ?"

"யாரு போட்டா?"

மழை கூரையில் கொட்டியது. லிங்கா வெங்காயத் தோலைக் கூட்டிக் கூட்டி ஒரு குவியலாக வைத்தான்.

"நாந்தான் போட்டேன்," என்றான். "போன வருசம். அப்பாவுக்கு அமாவாச. அங்க காக்காவே இல்ல. அம்மாவுக்குப் போன் பண்ணேன். ஆத்துல விடுற மாதிரிதான்டா, தண்ணியில போடுன்னு சொன்னிச்சு. பாலத்துல நின்னு சோறும் பருப்பும் போட்டேன், அப்பா பேரச் சொல்லி. சின்ன மீனா வந்து மொச்சிருச்சு. மேனேஜர் போன்ல புடிச்சாரு. வெள்ளக்காரனுங்க எல்லாம் ஓடியாந்து பாத்தாங்க. நல்லாருக்கே, டெய்லி போடுன்னாரு. அப்பறம் ரொட்டி. அப்பறம் கிச்சன்ல கழிச்ச மீன்தல, கோழிக்கொடலு. சின்ன மீனத் தேடிப் பெருசு வந்துச்சு. ரெண்டு மாசத்துல அஞ்சு மணியானா மணி அடிச்ச மாதிரி வந்து நிக்கும். வெறும் காலு தண்ணியில பட்டாலே தீனின்னு கிட்ட வரும்."

ரூபினி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பயம் வந்துச்சு. எண்ணெய்ப் போத்தல நைலான் கயித்துல கட்டி, இதத் தாண்டி யாரும் எறங்கக் கூடாதுன்னு மெதக்க விட்டேன். படம் புடிச்சா அசிங்கமா தெரியுதுன்னு அவுக்கச் சொல்லிட்டாரு. நானே அவுத்தேன். மொதல்ல எடுத்த வீடியோவுல என் கைதான் இருக்கு. அது அவர்கிட்ட இன்னும் இருக்கு. போன மாசம் சொன்னாரு, நாம ரெண்டு பேரும் சேந்து ஆரம்பிச்சதுதானே லிங்கான்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

ருக்குமணியின் கை நின்றிருந்தது. ஒரு நெத்திலித் தலை விரல்களுக்கு நடுவில் அப்படியே இருந்தது. அவள் மகனைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. மழையைப் பார்த்தபடி, "நான் அன்னைக்குக் கொழுந்து நிறுத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள். "இவன் போன் பண்ணான். எடை போடுறவன் கத்துறான், எறக்கு எறக்குன்னு. அவசரத்துல சொன்னேன். தண்ணியில போட்டா என்னான்னு." நெத்திலித் தலையைக் குவியலில் போட்டாள். "ஒங்கப்பாவுக்கு ஆக்குன சோறு."

"அம்மா, ஒங்க மேல தப்பு இல்லம்மா," என்றாள் ரூபினி.

"நீ சும்மா இரு. யாரு மேலன்னு ஒன்ன யாரும் கேக்கல." நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்தாள். "எழுதுறியா? எழுது. ஆனா எழுதுறவ எல்லாத்தையும் எழுதணும்லா. போடச் சொன்னது நானுன்னு எழுது. எம்பேரும் ஐசி கார்டு நம்பரும் போடு. இவன் தலையில மட்டும் கட்டாத."

"அம்மா!" என்று கத்தினான் லிங்கா. "நீயுமா? அவ படிச்ச திமிர்ல ஆடுறா. ஒனக்கு என்னா ஆச்சு? மகன் பொழப்பு போகுதுன்னு தெரியுதா, இல்லையா?"

"தெரியுது."

"அப்பறம்?"

"செல்லம்மா தொடையில பன்னி கிழிச்சப்ப அவள சேல சுத்தித் தூக்கிட்டுப் போனது நானும் ஒங்கப்பாவும். அவ்வளவு பெரிய பொம்பள, என்னா கத்துக் கத்துனா தெரியுமா? அந்த ஈப்போக்காரி புள்ளைங்களுக்கு எத்தன வயசு?" என்று மகளிடம் கேட்டாள்.

"படத்துல ஒண்ணுக்கு ஏழு, ஒண்ணுக்கு அஞ்சு இருக்கும்."

ருக்குமணி எழுந்து, கிள்ளிய நெத்திலியை அலச ஆரம்பித்தாள். அலசிய தண்ணீரை எப்போதும் பின்கதவு வழியாக வீசுவாள். இன்றைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி அலோர் வாய்க்கால் வரைக்கும் நடந்துபோய் ஊற்றிவிட்டு வந்தாள்.

லிங்கா டோங்கட்டை இழுத்து எழுந்தான். ரூபினி பிடிக்கப் போனாள். கையைத் தட்டிவிட்டான்.

"எழுது. நல்லா எழுது," என்றான். "பொய்யையும் நீதான் நல்லா எழுதுன. என் காலு கடல்ல போச்சு. மிச்சத்த நீயும் அம்மாவும் சேந்து எடுத்துக்கங்க. நாளையிலேர்ந்து ஒங்கிட்ட எனக்குப் பேச்சு இல்ல."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். டோங்கட் சுவரில் சாய்ந்து, வழுக்கித் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. அவன் அதை எடுக்கவில்லை.

ரூபினி மேசைக்கு வந்தாள். மலாயில் எழுத உட்கார்ந்தாள். முதல் பத்தியை ஏழு தடவை எழுதினாள். இந்தத் தடவை சொற்கள் அவள் இழுத்த இழுப்புக்கு வரவில்லை. பிழைகள் வந்தன. பிழையோடே இருக்கட்டும் என்று தோன்றியது. பிறகு அது சரியில்லை என்று பட்டுத் திருத்தினாள். தான் செய்வது சரிதானா என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள். அதை அழிக்கவில்லை. அண்ணன் கயிறு கட்டியதையும் அவிழ்த்ததையும் எழுதினாள். பிள்ளையைத் தூக்கியதை எழுதினாள். அம்மாவின் பெயரையும் எழுதினாள். மொத்தம் இரண்டு பக்கம் வந்தது.

சாயங்காலம் அம்மா மூன்று தட்டு வைத்தாள். ஒன்றில் சோறு அப்படியே இருந்தது. மழை விட்டிருந்தது. ரூபினி டைரியை எடுத்தாள்.

8 செப்டம்பர், ஞாயிறு. மழை, காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை. அண்ணன் சாப்பிடவில்லை. நாளை: ஆறு மணிக்கு மண்டோர் வீட்டுக்குப் போய் எனக்கும் அம்மாவுக்கும் அரை நாள் லீவு சொல்ல வேண்டும். ஏழரை பஸ். அடையாள அட்டை இரண்டு, ஜூலைக் கடிதத்தின் நகல், இன்று எழுதிய இரண்டு பக்கம். போலீஸ் நிலையத்தில் முதலில் சொல்ல வேண்டியது: கடிதம் எழுதியவள் நான்.